நான் படிக்காமல் விட்ட வரி

1. மூலை நாற்காலி

ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. தம்போயில் மோட்டார் பட்டறைகளுக்கு மேல்மாடியில் இருக்கும் ஒரு டயாலிசிஸ் மையத்தில் அரை மணி நேரம் பேச வரச் சொன்னார்கள். தலைப்பு, சிறுநீரகமும் பரம்பரையும். இருபத்தெட்டு வருடம் ஆய்வுக்கூடத்தில் அந்தப் பரம்பரையைத்தான் நோண்டிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் என்ன, ஆளை விட்டால் அரை நாள் பேசுவேன்.

பேசி முடித்ததும் கைதட்டினார்கள். ஒரு கையில் ஊசி இருந்ததால் மறு கையால் நாற்காலியின் பிடியைத் தட்டினார்கள். புறப்படலாம் என்று பையை எடுத்தபோது மூலை நாற்காலியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். நாற்பது வயது இருக்கும். நிறம் மங்கி, கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"டாக்டர், என்னைத் தெரியலையா? பாலோ பக்கத்துத் தோட்டம். கோயில் மண்டபத்துல ரத்தம் எடுத்தீங்களே. பாக்கியம் மகன், குணா."

தெரிந்தது. முகம் அல்ல, பெயர். அந்தப் பெயருக்கு நான் கொடுத்திருந்த எண்கூட ஞாபகம் வந்தது.

"எப்பலேருந்து இங்க?" என்று கேட்டேன்.

"ஒன்றரை வருஷம் ஆச்சு. அம்மாவுக்கு வந்த அதே நோய்தான். எனக்கு அதான் புரியல, டாக்டர். நீங்கதான் அப்பவே எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டீங்களே."

"நான் எப்போ சொன்னேன்?"

"ஒண்ணுமே சொல்லலையே! கிளினிக்ல அப்படித்தானே லா. ரத்தம் எடுப்பாங்க, ஏதாச்சும் இருந்தா கூப்பிடுவாங்க. கூப்பிடலைன்னா ஓக்கே. அப்ப அந்த மெஷின்ல அகப்படலையா?"

அகப்பட்டது என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். "பழைய ரெக்கார்ட் பார்த்துட்டுச் சொல்றேன், குணா" என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினேன். பார்க்க வேண்டிய ரெக்கார்ட் எதுவும் இல்லை. பதினாறு வருடமாக என் தலைக்குள் இருக்கிற விஷயம் அது. காருக்குள் உட்கார்ந்து சாவியைப் போடாமலே இருந்தேன். பட்டறைக்காரர், "காடி ஸ்டார்ட் ஆகலையா, ஆன்ட்டி?" என்று வந்து கேட்டார்.

ஆய்வுத் துறைக்கு வரும் இளையவர்கள் படிப்பதற்காக இதை எழுதுகிறேன். நான் செய்து கிழித்ததெல்லாம் என் பயோடேட்டாவில் பதினோரு பக்கத்துக்கு இருக்கிறது. இது அதில் இல்லாதது.

2. கிராணி மகள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. மரபணு ஆய்வில் பி.எச்.டி. வாங்கியவள். மக்கள் டாக்டர் என்று கூப்பிட்டபோது திருத்தவில்லை. தோட்டங்களுக்கு ரத்தம் எடுக்கப் போகும்போது வெள்ளைக் கோட்டையும் மாட்டிக்கொள்வேன். ஆய்வுக்கூடத்திலேயே நாங்கள் அதை ஒழுங்காகப் போட்டதில்லை.

நாங்கள் ஆராய்ந்த நோயில் இரண்டு சிறுநீரகத்திலும் நீர்க்கட்டிகள் கொத்துக் கொத்தாக வளரும். மெதுவாக வளர்ந்து, நல்ல சதையை நெருக்கி, ஒருநாள் சிறுநீரகம் நின்றுவிடும். தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருக்கிறதா இல்லையா என்று இளவயதில் வெளியே தெரியாது. முன்கூட்டியே தெரிந்தால் இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி, அந்த நாளைத் தள்ளிப்போடப் பார்க்கலாம்.

பாலோவுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இந்த நோய் உள்ள குடும்பம் இருப்பதாகத் தகவல் வந்தது. அதே தோட்டத்து ஆபீசில்தான் என் அப்பா கிராணியாக இருந்தார். எழுத்து வேலை, பெயர் கூப்பிடுகிற வேலை. கிராணி சொன்னால் தொழிலாளர் லயத்தில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார்கள். அவர் மகளிடமும் கேட்கவில்லை. எங்கள் பிரிவில் தமிழ் பேசுகிறவர்களில் அந்தத் தோட்டத்தில் செல்லுபடியாகிற ஆள் நான் ஒருத்திதான் என்பதில் எனக்குப் பெருமை வேறு.

கோயில் மண்டபத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். கோப்பிக்கடையில் வாங்கிய ஐஸைப் பெட்டியில் கொட்டி, ஊதா மூடி ட்யூப்களை அடுக்கி வைத்திருந்தேன். பாக்கியம் அக்காவுக்கு ஐம்பது வயது. எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கியவர், அப்போதே வயிறு வீங்கி வேலையை விட்டிருந்தார். ஒரு பக்கம் மகள் வசந்தி, இருபத்தேழு வயது. அம்மாவை அச்சில் வார்த்தாற்போல் இருந்தாள். மறு பக்கம் மகன் குணா, இருபத்து நாலு.

ஒப்புதல் படிவம் நாலு பக்கம், மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அதைத் தமிழில் வாய்விட்டுப் படித்துச் சொல்வது என் வேலை. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி உண்டு. 'இந்த ஆய்வின் முடிவுகள் பங்கேற்பவர்களுக்குத் தெரிவிக்கப்பட மாட்டா.'

முந்தின மாதம் வேறொரு தோட்டத்தில் அந்த வரியை ஒழுங்காகப் படித்தேன். ஒரு பெரியவர், "எங்களுக்குச் சொல்லாத ரத்தம் உங்களுக்கு எதுக்கு?" என்று வேட்டியை உதறிக்கொண்டு எழுந்துபோனார். அவர் பின்னாலேயே மூன்று குடும்பம் போனது. நியாயமான கேள்வி. எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஐஸ் உருகிய பெட்டியோடு வெறுங்கையாகத் திரும்பி, பேராசிரியர் முன்னால் நின்றேன்.

அதனால் பாலோவில் மூன்றாம் பக்கத்தைப் பாதி படித்துவிட்டு நாலாம் பக்கத்துக்குத் தாவினேன். நாக்கு ஒருமுறைகூடத் தடுக்கவில்லை.

பாக்கியம் அக்கா ஒன்றே ஒன்று கேட்டார். "டாக்டரம்மா, அடுத்த வாரம் புள்ளைங்க ரெண்டு பேரையும் குளுவாங் ஆஸ்பத்திரியில ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. அதுக்குப் போகணுமா? இவனுக்கு லீவு கிடைக்கிறது சூசா, லேசுல தர மாட்டாங்க."

"எதுக்குக்கா அலையணும்? ரத்தத்துலயே எல்லாம் தெரிஞ்சிடும்."

நான் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. ரத்தத்தில் தெரியும் என்பது உண்மைதான். யாருக்குத் தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை. மூன்று ட்யூப் நிரம்பியது. பாக்கியம் அக்கா, "பசியாறிட்டுப் போங்க" என்று விடாப்பிடியாக நின்றார். தோசை சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

3. கறுப்புச் சதுரம்

எட்டு மாதத்தில் மரபணுவில் அந்தக் குடும்பத்தின் பிழை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தோம். எங்கள் டெக்னாலஜிஸ்ட் ஹஸ்னா, "டாப்பாட், கக்!" என்று மலாயில் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். கிடைத்துவிட்டது அக்கா என்று அர்த்தம். அதுவரை எங்கும் பதிவாகாத பிழை. அன்று எல்லோருக்கும் நான்தான் நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தேன்.

இந்தத் தொழிலில் ஒரு குடும்பத்தைப் படமாகப் போடுவோம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் இருந்தால் கறுப்பு அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் காலியாக விட வேண்டும். நான் பேனாவால் பாக்கியம் அக்காவின் வட்டத்தைக் கறுப்பாக்கினேன். கீழே குணாவின் சதுரத்தைக் கறுப்பாக்கினேன். வசந்தியின் வட்டத்தைக் காலியாக விட்டேன். கோடு தாண்டாமல், நிதானமாக, அழகாக அடித்தேன்.

அந்தப் படம் வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் பெயர்கள் இல்லாமல் அச்சானது. என் பதவி உயர்வுக்கு அதுதான் காரணம். சட்டம் போட்டு என் அறைச் சுவரிலும் மாட்டினேன். யார் வீட்டுப் படம் என்று வந்தவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு பேருக்கு அப்படியொரு படம் இருப்பதே தெரியாது.

4. ஒரு பக்கக் கடிதம்

பல வருடமாக மாணவர்களுக்கு நான் சொல்லிவந்த கதை வேறு. "விதிமுறை அப்படி. முடிவைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. கை கட்டிப்போட்டிருந்தது." சொல்லும்போது ஒரு பெருமூச்சும் விடுவேன். நடந்தது இதுதான்.

பேப்பர் அனுப்புவதற்கு முன்னால் என் மேலதிகாரி பேராசிரியர் சேதுமாதவனிடம் போய், முடிவை அந்தக் குடும்பத்திடம் சொல்லலாமா என்று கேட்டேன். சிடுசிடு பேர்வழி, ஆனால் யோக்கியர். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இது ரிசர்ச் ரிசல்ட். நம்ம லேப் பேப்பரை வச்சு ஒருத்தன்கிட்ட உனக்கு நோய் இருக்குன்னு சொல்ல முடியாது. அதுக்காக அப்படியே விட்டுடவும் கூடாது. எதிக்ஸ் கமிட்டிக்கு ஒரு பக்கம் எழுதிக் குடும்மா. அவங்க சரின்னா, கவுன்சலரோட போய்ச் சொல்லலாம். ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்து உறுதிப்படுத்திக்கலாம். எழுதுறியா?"

"எழுதுறேன் சார்."

உட்கார்ந்தேன். விண்ணப்பத்தின் முதல் கேள்வி, 'ஒப்புதல் பெற்றபோது பங்கேற்பவரிடம் என்ன கூறப்பட்டது?' பேனா நின்றுவிட்டது. உண்மையை எழுதினால் அந்த மூன்று ரத்தமும் செல்லாது. பேப்பர் போய்விடும், பதவி உயர்வு போய்விடும். கோயில் மண்டபத்தில் கிராணி மகள் என்ன செய்தாள் என்று கமிட்டியில் ஆறு பேர் படிப்பார்கள். ஃபைலை மூடி அடி இழுப்பறையில் வைத்தேன்.

பேராசிரியர் இரண்டு தடவை விசாரித்தார். "போய்க்கிட்டிருக்கு சார்" என்றேன். பிறகு அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். என் கையை எந்த விதியும் கட்டவில்லை. நானே பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

நாலு வருடம் கழித்துப் பாக்கியம் அக்கா இறந்த செய்தி வந்தது. சாவு வீட்டுக்குப் போகவில்லை. போனால் பிள்ளைகள் இருப்பார்கள், ஏதாவது கேட்பார்கள். மாநாடு இருக்கிறது என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். மாநாடும் இருந்தது.

5. "எப்பத் தெரியும்?"

தம்போயிலிருந்து திரும்பிய மறுநாள் காலை கமிட்டிக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். விட்ட வரியையும் எழுதினேன், ஸ்கேனைத் தடுத்ததையும் எழுதினேன். பதினாறு வருடம் எழுதாத கடிதம் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது.

கமிட்டி என்னைக் கூப்பிட்டு விசாரித்தது. தலைமையில் இருந்தவள் என்னிடம் படித்த பெண். "மேடம், நீங்கதானே எங்களுக்கு எதிக்ஸ் வகுப்பு எடுத்தீங்க?" என்றாள். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள். குத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். பேப்பரை என்ன செய்வது என்று தனியாக முடிவெடுப்பதாகச் சொன்னார்கள். குடும்பத்திடம் சொல்ல அனுமதி கொடுத்து, ஒரு கவுன்சலரையும் உடன் அனுப்பினார்கள்.

முதலில் குணா. மூலை நாற்காலிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"ரத்தம் எடுத்து எட்டு மாசத்துல."

"எனக்கு அப்பக் கல்யாணமே பேசல." என் பக்கம் திரும்பினார். "சிங்கப்பூர்ல வேலை. விடியறதுக்கு முன்னாடி மோட்டார்ல பாலம் தாண்டணும். தலைவலி வரும், பனடோல் போட்டுக்குவேன். ஒருவாட்டி ப்ரஷர் பார்த்துட்டு வாங்கன்னு என் பொண்டாட்டி கத்துவா. நான் என்ன சொல்லுவேன் தெரியுமா? டாக்டரே ரத்தம் பார்த்தாச்சு, எனக்கு ஒண்ணும் இல்லடின்னு சொல்லுவேன்."

முன்பே தெரிந்திருந்தால் எத்தனை வருடம் தள்ளிப்போயிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வருடமாக இருந்தாலும் அது அவருடையது. "மன்னிச்சிடுங்க குணா" என்றேன். மன்னிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

"அக்காவுக்கு என்னன்னு வந்துச்சு?"

"அதை அவங்ககிட்டதான் சொல்லணும்."

"அப்பப் போய்ச் சொல்லுங்க. இன்னிக்கே போங்க. அது தனியாத்தான் இருக்கு, உலு திராம்ல."

6. காலி வட்டம்

வசந்திக்கு இப்போது நாற்பத்து மூன்று. எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். உலு திராமில் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருக்கிறாள். கூடத்தில் பாக்கியம் அக்காவின் படம் மாலையோடு இருந்தது. அம்மாவும் மகளும் ஒரே முகம். எங்களைப் பார்த்ததும் முதலில், "பசியாறிட்டீங்களா?" என்றுதான் கேட்டாள். அவள் அம்மாவின் குரலில் கேட்டதுபோல் இருந்தது. கவுன்சலர் என் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்தார்.

நான் தொடங்குவதற்குள் அவளே சொன்னாள். "எனக்குத் தெரியும் டாக்டர். எனக்கும் இருக்குதானே? இத்தனை வருஷம் கழிச்சு வந்திருக்கீங்கன்னா வேற என்ன?"

"யார் சொன்னது இருக்குன்னு?"

"யாரு சொல்லணும்? நான் அம்மா ஜாடை. முகம், கை, நடை எல்லாம் அம்மா. நோய் மட்டும் விட்டுடுமா? தம்பி அப்பா மாதிரி, அதனால அவன் தப்பிச்சான்னு நெனச்சோம். அதுவும் இல்லாம நீங்க வரவே இல்ல. நல்லதுன்னா ஓடி வந்து சொல்லியிருப்பீங்கல்ல? வயசுப் பொண்ணுகிட்ட கெட்டதை எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

நான் வாயைத் திறக்காததைத் தம்பி ஒரு மாதிரி எடுத்துக்கொண்டான், அக்கா வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். இரண்டுமே தப்பாகப் போயின.

பையிலிருந்து ஆய்விதழில் வந்த படத்தை எடுத்துக் காட்டினேன். "இது உங்க அம்மா. இந்தச் சதுரம் குணா. கறுப்புன்னா நோய் இருக்கு. இந்த வட்டம் நீங்க."

"காலியா இருக்கே."

"உங்களுக்கு இல்லம்மா. அம்மாகிட்டேருந்து உங்களுக்கு வரல. ஸ்கேன் எடுத்து உறுதி பண்ணிக்கலாம். ஆனா அன்னிக்கே எங்களுக்குத் தெரியும்."

"அலமாக்" என்றாள், அடக் கடவுளே என்பதுபோல், மெதுவாக. பிறகு காகிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"சிகாமட்லேருந்து ஒரு வாத்தியார் என்னைப் பொண்ணு கேட்டு வந்தாரு டாக்டர். நல்ல மனுஷன். நான்தான் வேணாம்னுட்டேன். அம்மாவுக்கு நான் செஞ்சதை அவரு எனக்குச் செய்யணுமேன்னு. ஸ்கேன் எடுத்திருக்கலாம்தான். பயம். எடுத்தா நிச்சயமாயிடும்ல?"

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டட்டும் என்றே வந்திருந்தேன். அவள் அந்த வட்டத்தின் மேல் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு வேறு ஏதோ யோசித்தாள்.

"அப்ப என் கிட்னி நல்ல கிட்னியா?"

"ஆமா."

"தம்பிக்குக் குடுக்கலாமா?"

சுவரில் இருந்த பாக்கியம் அக்காவைப் பார்க்க முடியாமல் நான் தரையைப் பார்த்தேன். கவுன்சலர்தான் பதில் சொன்னார். பரிசோதனைகள் இருக்கின்றன, அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். வசந்தி அதற்குள் எழுந்து, கம்பெனியில் எத்தனை நாள் லீவு கிடைக்கும் என்று நாள்காட்டியைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

7. மூன்று ட்யூப்

ஸ்கேனில் ஒரு கட்டிகூட இல்லை. ரத்த வகை பொருந்தியது. ஆனால் சர்க்கரை ஏறிப்போயிருந்தது. பல வருடமாகவே இருந்திருக்க வேண்டும், மருந்தில்லாமல் கண்ணையும் தொட்டிருந்தது. தானம் கொடுக்க முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரிதான்.

வசந்தி எனக்குப் போன் செய்தாள். "எப்படியும் அம்மா மாதிரி போகப்போறோம், எதுக்கு வாயைக் கட்டணும்னு இருந்துட்டேன் டாக்டர். அது ஒண்ணும் உங்க தப்பு இல்ல."

என் தப்புதான் என்று சொன்னேன். அவள் என்னைச் சமாதானப்படுத்தத் தொடங்கினாள். அந்த வெட்கத்தை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன். அழுததால் எதுவும் குறையவில்லை.

குணாவுக்குப் பதினோரு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். வருடா வருடம் அவளுக்கு இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். வளர்ந்த பிறகு பரிசோதனை வேண்டுமா வேண்டாமா என்று அவளே முடிவு செய்வாள். அவள் கைக்கு வரும் படிவம் எப்படி இருக்க வேண்டும் என்று பழைய பிரிவில் என்னிடம் கேட்டார்கள். தமிழில் எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் பக்கத்து வரியை முதல் பக்கத்தில் முதல் வரியாக வைத்தேன். அதற்குக் கீழே, எங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் நோய் இல்லை என்றோ இருக்கிறது என்றோ நினைக்க வேண்டாம், ஆஸ்பத்திரி சொல்லும் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று சேர்த்தேன். இதைப் படித்தால் நிறையப் பேர் எழுந்து போய்விடுவார்களே என்று ஓர் இளம் ஆய்வாளர் கவலைப்பட்டார். போகட்டும் என்றேன்.

சர்க்கரை விஷயம் தெரிந்த வாரம் குணாவைப் பார்க்கப் போனேன். பழைய பிரிவில் அந்தப் புதுப் படிவத்தை அவரிடம் காட்டச் சொல்லியிருந்தார்கள். ஒரு கையால் பிடித்து, முதல் வரியை உதடசையப் படித்தார்.

"இது அன்னிக்கும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நீங்க இதைப் படிச்சிருந்தா நாங்க ரத்தம் குடுத்திருக்க மாட்டோம், டாக்டர்."

"தெரியும்."

"அடுத்த வாரம் குளுவாங்குக்கு ஸ்கேனுக்குப் போயிருப்போம். நானும் அக்காவும்."

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார். மெஷினில் இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி இருந்தது. அந்த வரியைப் படித்திருந்தால் எனக்கு நட்டம் மூன்று ட்யூப் ரத்தம்தான்.